குளம் உள்ள பூங்காவைத் திருத்துவது: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகருக்குள்ளும் அதை அண்டியும் பற்றை பிடித்துக் கிடக்கும் பொதுக் காணிகள் சிலவற்றுக்குள் ஒரு குளமோ, இரண்டு மூன்று குட்டைகளோ இருக்கின்றன. "இதைத் திருத்தி ஒரு பூங்காவாக்கினால் என்ன?" என்று வட்டாரக் கூட்டத்தில் யாராவது எழும்பிக் கேட்டதும் அடுத்தடுத்து வரும் கேள்விகளை இங்கே கோர்த்திருக்கிறோம். பதில்களில் எங்கள் சாய்வும் இருக்கிறது. வாசல் வளைவிலும் பெயர்ப்பலகையிலும் எங்களுக்கு அக்கறை குறைவு. தண்ணீரில்தான் அக்கறை.

முதலில் எதில் கைவைப்பது? நடைபாதையா, வாங்குகளா, ஊஞ்சலா?

தண்ணீரில். வளைவுக்கும் பெயின்ற்றுக்கும் காசு போய் முடிந்த பிறகு மாரி வரும். நடைபாதை முழங்காலளவு தண்ணீருக்குள் போகும், ஊஞ்சலின் இரும்புக் கால் கறள் பிடிக்கும், அடுத்த ஆடிக்குள் பற்றை மறுபடியும் மூடிவிடும். நம் பக்கத்தில் பூங்காக்கள் பாழாவது அனேகமாக இந்த ஒழுங்கில்தான்.

மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை. அதில் பெரும்பங்கு நவம்பர் தொடக்கம் ஜனவரி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஒரு ஏக்கர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 4 இலட்சம் லீற்றர், அதாவது 10,000 லீற்றர் பவுசரில் 40 பவுசர் தண்ணீர். மாரியில் அப்படி ஒரு நாள் வருவது புதினமில்லை. அந்தத் தண்ணீர் எந்த மூலையால் வருகிறது, எங்கே தேங்குகிறது, எதால் வெளியேறுகிறது என்று தெரியாமல் கீறும் வரைபடத்தை நம்பி ஒரு கல்லும் வைக்க வேண்டாம்.

குளத்துக்குள் அங்குலம் குறித்த கம்பு ஒன்றை நட்டு, ஞாயிறுதோறும் மட்டத்தைக் கொப்பியில் எழுதுங்கள். மழை விடாமல் பெய்யும் நாளில் குடையோடு போய் நின்று பாருங்கள். அயலில் உள்ள வயது போனவர்களிடம் பழைய வாய்க்கால் எந்தப் பக்கம் போனது என்று விசாரியுங்கள். வீதிக்குக் காபெற் போட்டு உயர்த்தியபோது மதகு மூடுப்பட்டது, யாரோ மதில் கட்டியபோது வாய்க்கால் அடைபட்டது என்று கதைகள் வெளிவரும். ஒரு மாரியும் ஒரு கோடையும் இப்படிப் பார்த்தால், மண் அளக்க வரும் பொறியியலாளருக்கே அந்தக் கொப்பி பெரிய உதவி.

கோடையில் குளம் வற்றிப் போகிறதே. பெக்கோவை இறக்கி நல்ல ஆழமாக வெட்டிவிட்டால் என்ன?

எல்லாக் கூட்டத்திலும் வரும் கேள்வி. பாதி சரி, பாதி ஆபத்து.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவில் ஆவியாகிப் போகிறது. மாதத்துக்கு 150. மே தொடக்கம் செப்டெம்பர் வரை ஐந்து மாதத்துக்கு 750 மில்லிமீற்றர், ஏறக்குறைய இரண்டரை அடி. நிலத்துக்குள் ஊறிப் போவது தனிக்கணக்கு. ஆகவே மாரி முடியும்போது நடுக்குளத்தில் ஐந்தாறு அடி தண்ணீராவது நிற்காவிட்டால் ஆவணிக்குள் சேறுதான் மிஞ்சும். அந்த அளவுக்கு ஆழமாக்குவது சரி.

அதற்கு மேல் போகும்போதுதான் யோசிக்க வேண்டும். கல்லடி, நாவற்குடா போன்ற இடங்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு. இங்கே கிணற்றில் நாம் அள்ளுவது, கீழே உள்ள உவர் நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையை. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழிருந்து உவர் நீர் 40 அடி வரை மேலேறலாம் என்பது ஏட்டுக் கணக்கு. களத்தில் அவ்வளவு துல்லியமாக நடக்காவிட்டாலும் போக்கு அதுதான். குளத்தை அளவுக்கு மீறித் தோண்டி, போதாததற்கு மோட்டர் வைத்து இறைத்துப் பூக்கன்றுகளுக்குப் பாய்ச்சினால் பக்கத்து வளவுக் கிணறு உவர்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் கிடந்த கிடையைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்துக் களிமண் குளங்களில் இந்தப் பயம் குறைவு.

எங்கள் யோசனை: முழுப் பரப்பையும் ஒரே ஆழமாக வெட்ட வேண்டாம். ஒரு பக்கத்தில் ஆழமான கிடங்கு ஒன்று இருக்கட்டும். கோடையில் மீனும் ஆமையும் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும். மற்றப் பக்கம் சாய்வாக ஏறி, ஆனி ஆடியில் காய்ந்து புல்தரையாகட்டும். பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் விளையாடுவார்கள், மார்கழியில் அதே இடத்தில் கொக்கு நிற்கும். ஆண்டு முழுக்கக் குளம் நிரம்பியிருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டால் செலவும் குறையும்.

வீதி வடிகான் நேரே குளத்துக்குள் விழுகிறது. அதை அடைத்துவிடலாமா?

அடைத்தால் குளத்துக்கு வரத்து நின்றுபோகும், உங்கள் ஒழுங்கையும் வெள்ளத்தில் மிதக்கும். வடிகான் வாயில் கொஞ்ச நேரம் குந்தியிருந்து பாருங்கள். சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீற், யோகட் கோப்பை, சிரட்டை, சவர்க்கார நுரை, அடியில் எண்ணெய் மினுங்கும் கறுப்பு மணல். இவை ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் மறிக்க வேண்டும். முதலில் பெருங்குப்பைக்கு இரும்புக் கம்பித் தட்டி. அடுத்து மணல் படிய ஒரு தொட்டி. அதுவரை உழவு இயந்திரப் பெட்டி போய்வர வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியை ஒருவரும் வார மாட்டார்கள். மூன்றாவதாக, முழங்கால் ஆழத்துக்குக் குறைந்த ஒரு சிறு குட்டையில் சம்பும் பன்னும் அடர்த்தியாக நட்டு, அதற்கூடாகத் தண்ணீர் மெதுவாகப் போக விடுவது. அதன் பிறகுதான் பெரிய குளம். பன்னை வெட்டிப் பாய் இழைக்கிறவர்கள் அயலில் இருந்தால் அதை அறுக்கும் வேலையும் தானாக நடக்கும்.

இரண்டு எச்சரிக்கை. கம்பித் தட்டியை ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் துப்புரவாக்க ஆளில்லாவிட்டால் அதை வைக்கவே வேண்டாம். குப்பை அடைத்து ஒழுங்கைக்குள் தண்ணீர் ஏறினால் சனமே அதைப் பிடுங்கி எறிந்துவிடும். மற்றது, யாராவது மலசலகூடக் குழாயை வடிகானுக்குள் விட்டிருந்தால் சம்பாலும் பன்னாலும் அதைச் சமாளிக்க முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிப்போய் அந்தக் குழாயை அடைப்பித்த பிறகுதான் மற்ற வேலை.

வெளியேறும் வழியையும் பாருங்கள். வாவி நிறைந்து, முகத்துவாரம் இன்னும் வெட்டுப்படாமல் இருக்கும் நாட்களில் தாழ்ந்த இடங்களில் வடிகான் மறுபக்கமாக ஓடும். குளம் வாவியோடு தொடுக்கப்பட்டிருந்தால் வெளிவாயில் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு ஒன்று வேண்டும். சாய்ந்தமருது, கல்முனைப் பக்கத்துத் தோணாக்களை (கடலோடு சேரும் சிறு நீரோடைகளை) அண்டி இருப்பவர்களுக்கும் இந்தப் பகுதி பொருந்தும்.

குளம் முழுக்க ஆற்றுவாழை. மருந்தடிக்கலாமா?

வேண்டாம். அடித்தால் செடி செத்து அடியில் அழுகும், தண்ணீரில் ஒட்சிசன் குறைந்து மீன் மிதக்கும், அடுத்த மாரியில் மிச்சம் கிடந்த நாலு கன்றிலிருந்து மறுபடி மூடும். பூ அழகாக இருக்கிறதென்று 1905இல் இலங்கைக்குக் கொண்டுவந்த செடி இது. 1909இலேயே இதற்கென்று தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. நல்ல சத்துள்ள தண்ணீரில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும்.

செப்டெம்பரில் தண்ணீர் குறைந்து கிடக்கும்போது கையால் வாரி, கரையிலிருந்து எட்டத்தில் குவித்துப் பசளையாக்குங்கள். கரையோரமாகவே குவித்தால் முதல் மழை அதைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடும். மாதம் ஒருமுறை தப்பிய கன்றுகளைப் பொறுக்க வேண்டும். கழிவு நீர் வருவது நிற்கும்வரை அது முளைத்துக்கொண்டேதான் இருக்கும்.

குளத்தைத் திருத்தினால் நுளம்பு பெருகி டெங்கு வராதா?

டெங்கு நுளம்பு பெரிய குளத்தைத் தேடி வருவதில்லை. அதற்குப் பிடித்தது சிறு பாத்திரங்களில் தேங்கும் தெளிந்த தண்ணீர்: பூங்காவில் எறிந்த யோகட் கோப்பை, பழைய ரயர், மூடியில்லாத தொட்டி, இளநீர்க் கோம்பை. முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பு பறக்கும். மாரி விட்டுவிட்டுப் பெய்யும் நாட்களில் டெங்கு ஏறுவது இதனால்தான். மீன் உள்ள, காற்றுப் படும் குளத்தில் புழுக்கள் தப்புவது அரிது.

நம்மைக் கடிக்கும் மற்ற நுளம்புகளில் ஒரு வகை அழுக்கு வடிகானில் வளர்வது. அதற்குக் குளத்தைக் குறை சொல்லாமல் கானைப் பாருங்கள்.

பூங்காவுக்குள் நுளம்புக்கு இடம் கொடுப்பது அலங்கார வேலைகள்தான். சீமெந்தில் செய்த யானையின் முதுகுப் பள்ளம், நின்றுபோன நீரூற்றின் கிண்ணம், வெட்டிய மூங்கில் கட்டை, அரைவாசி புதைத்த ரயர் இருக்கை. ரயர் இருக்கை கேட்டு வருகிறவர்களுக்கு நாங்கள் எப்போதும் இல்லை என்றுதான் சொல்கிறோம்.

என்ன மீன் விடலாம்?

விரால், கெழுத்தி, பனையேறி என்று குளத்தில் ஏற்கெனவே உள்ளவை போதும். நுளம்புப் புழு தின்ன, குளத்தோடு தொடர்பில்லாத சிறு தொட்டிகளுக்குக் கப்பி விடலாம். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்து பெருத்துவிட்ட டாங்க் கிளீனரைப் பாவம் பார்த்துக் குளத்தில் விடுகிறவர்களுக்குப் பலகை ஒன்று வைத்தே தீர வேண்டும். அந்த மீன் பரவினால் பிடித்து ஒழிப்பது லேசல்ல.

முதலை வந்துவிடும் என்று பயப்படுகிறார்களே?

பயம் நியாயமானது. வாவியிலும் சுற்றுக் குளங்களிலும் முதலை இருக்கிறது. வெள்ளத்தோடும் வரும், கோடையில் தண்ணீர் தேடி இரவில் தரையாலும் நடந்து வரும். எந்த வேலியாலும் முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் வந்த முதலை தங்குவது தீனி இருந்தால்தான். கோழிக் கடைக் குடலும் மீன் செதிலும் சாக்கில் கட்டிக் குளத்துக்குள் வீசுவது நின்றால் பாதிப் பிரச்சினை தீரும். கரையை அண்டி ஆளுயரப் பற்றை இல்லாமல், குறைந்தது பத்தடி தூரத்துக்குப் புல்லைக் கட்டையாக வைத்திருங்கள். ஆழமான பக்கத்தில் இறங்கிக் கால் கழுவும் படிக்கட்டு வேண்டாம். கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். முதலை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, தடியோடு திரண்டு போவது இரண்டு பக்கத்துக்கும் கேடு.

கரையைக் கொங்கிறீட்டால் கட்டினால் துப்புரவாக இருக்குமே?

படத்துக்கு நன்றாக இருக்கும். செங்குத்துச் சுவருக்குள் தவறி விழுந்த பிள்ளைக்கு ஏறிவரப் பிடியே இல்லை. ஆமைக்கும் அப்படித்தான். மணல் நிலத்தில் சுவரின் அடிமண் அரிபட்டால் இரண்டு மூன்று மாரியில் வெடிப்பு விழும். மூன்றடி நீளத்துக்கு ஓரடி இறங்கும் சாய்வில் மண்கரை அமைத்துப் புல் பதியுங்கள். கரையோரமாக ஐந்தாறு அடி அகலத்துக்கு முழங்காலுக்குக் குறைந்த ஆழத்தில் ஒரு படி விட்டு, அதில் அல்லியும் பன்னும் வளர்க்க வேண்டும். தவறி இறங்கும் பிள்ளை முதலில் அந்தப் படியில் எழும்பி நிற்கும். நீர்த்தாவரம் அடர்ந்திருந்தால் அதற்கப்பால் போகவும் மனம் வராது. ஆழமான பக்கத்தில் மட்டும் இடுப்பளவு வேலியும், கயிறு கட்டிய மிதவை வளையமும் இருக்கட்டும். மிகைநீர் வெளியேறும் வான் பாயும் இடத்துக்கு மட்டும் கல்லும் கொங்கிறீட்டும் போடலாம். அங்கே மண்கரை தாங்காது.

என்ன மரங்கள் நடுவது?

குளக்கட்டின் மேல் பெருமரம் வைக்காதீர்கள். வேர் பட்டுப்போனால் அந்தத் துளையால் தண்ணீர் கசிந்து கட்டு உடையும். கட்டுக்கு வெளியே ஈரப் பக்கத்தில் மருது, நாவல். உவர்க் காற்றுப் படும் பக்கத்தில் புன்னை, பூவரசு. மேட்டு மணலில் வேம்பு, இலுப்பை. புன்னைச்சோலை என்றும் நாவற்குடா என்றும் ஊர்ப்பெயர் வைத்துக்கொண்டு நெட்டிலிங்கத்தை வரிசையாக நடுவது என்ன நியாயமோ! நெட்டிலிங்கத்தின் கீழ் ஒரு ஆள் நிழலுக்கு ஒதுங்க முடியாது.

சீக்கிரம் நிழல் வேண்டும் என்று காற்றுக்கு முறியும் மெல்லிய மரங்களை விளையாட்டிடத்துக்கு மேல் வளர்க்கவும் வேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளியை இந்த ஊர் கண்டிருக்கிறது. வாவியோரமாகத் தில்லை நின்றால் வெட்ட வேண்டியதில்லை, பிள்ளைகள் விளையாடும் இடம் தள்ளி இருந்தால் போதும். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

பெண்களும் வயோதிபரும் வருவார்களா?

மலசலகூடம் திறந்திருந்தால் வருவார்கள். கட்டிப் பூட்டி, திறப்பு எவரிடமோ இருக்கும் மலசலகூடம் இல்லாததற்குச் சமம். விடியற்காலையில் நடக்க வரும் பெண்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: பாதையிலிருந்து வீதி தெரிய வேண்டும். ஆகவே ஆறடி மதிலுக்குப் பதிலாகக் கம்பி வேலி, தோளுக்குக் கீழே வெட்டிய செடி, ஒன்றுக்கு மேற்பட்ட வாசல். விளக்கு பாதைக்கும் வாசலுக்கும் போதும், குளத்தின் மேல் நிறநிறமாக எல்.ஈ.டி. வேண்டாம். பாதை ஆறடி அகலமிருந்தால் சக்கர நாற்காலியும் எதிரே வரும் ஆளும் விலகலாம். சாய்தளம் 12 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏறக்கூடாது. மோட்டார் சைக்கிளை மறிக்க வாசலில் நடும் இரும்புக் குற்றிகளுக்கு இடையே நாற்காலி போக இடம் இருக்கிறதா என்று நட முதல் அளந்து பாருங்கள்.

யாரிடம் அனுமதி எடுப்பது?

காணி யாருடையது என்பதைப் பொறுத்தது. மாநகர சபைக்கு உரியதா, அரச காணியா என்று பிரதேச செயலகத்தில் வரைபடத்தோடு உறுதிப்படுத்துங்கள். வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளம் என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கமநல அபிவிருத்தித் திணைக்களம் வரும். கடலோரம் என்றால், உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரம் பேணல் திணைக்களம். கட்டடம் இருந்தால் நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்குவதை விட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் விடயத்தைப் போட்டு, எல்லோரையும் ஒரே நாளில் களத்துக்கு வரச் செய்வது சுருக்கு வழி. பதில் வராமல் இழுபட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

எல்லை அளக்கப் போனால் அயலாரோடு சண்டை வருமே?

வரும். அளக்க முதல் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு அளந்தால் குறைவாக வரும். நில அளவையாளர் கல் நாட்டிய பிறகு அந்தக் கல்லையொட்டி நடைபாதையைப் போட்டுவிடுங்கள். நாள்தோறும் ஆள் நடக்கும் எல்லைக்குள் வேலி நகராது.

தோண்டும் மண் யாருக்கு?

இதைக் கேட்காமல் விட்டால் பின்னர் கேட்க ஒன்றும் இருக்காது. குளம் ஆழமாக்கும் சாட்டில் மணல் ஏற்றுவது நம் மாவட்டத்தில் அறியாத விடயமா? மண்ணை வெளியே கொண்டுபோக புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். முடிந்தவரை வெளியே போகவே விடாதீர்கள். அதே மண்ணில் பாதையை மாரி மட்டத்துக்கு மேல் உயர்த்தலாம், பிள்ளைகள் உருள ஒரு மேடு கட்டலாம். எத்தனை கன மீற்றர் வெட்டுவது, எங்கே கொட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதி, அதன் பிரதியை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள்.

கடை, நுழைவுக் கட்டணம், மிதிபடகு?

ஒரு தேநீர்க் கடை நல்லது, ஆள் நடமாட்டம் இருக்கும். கட்டணம் வைத்தால் முதலில் நின்றுபோவது பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைகள்தான். மிதிபடகு இந்த அளவுக் குளத்துக்குச் சரிவராது. ஆவணியில் சேற்றில் கிடக்கும்.

மரத்தடியில் சுவாமி சிலை வைக்கக் கேட்கிறார்கள்.

கேட்பவர்களின் பக்தியில் குறையில்லை. ஆனால் இந்த ஊரில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒன்று வந்தால் மற்றதும் வரும், பிறகு பூங்கா யாருடையது என்ற வழக்கு வரும். புனித நீர்நிலைக்கு அமிர்தகழியில் மாமாங்கத் தீர்த்தக்குளம் இருக்கிறது. பொதுப் பூங்காவுக்கு எந்தச் சிலையும் வேண்டாம் என்பதைத் தொடக்கக் கூட்டத்திலேயே எல்லாத் தரப்பும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. அரசியல்வாதிகளின் பெயர்க்கல்லுக்கும் அதே விதி.

காசு முடிந்த பிறகு யார் பார்ப்பது?

கட்டும் காசுக்கு ஆள் கிடைப்பார்கள், பார்க்கும் காசுக்குத்தான் கிடைக்க மாட்டார்கள். மாநகர சபையின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில் பூங்காவின் பெயரில் ஒரு செலவுத் தலைப்பு ஏற வேண்டும்: நிரந்தரக் காவலாளி ஒருவர், புல் வெட்டும் கூலி, தொட்டி வாரும் செலவு. அந்தத் தலைப்பு இல்லாமல் தரப்படும் நன்கொடைக் கட்டடம் எதையும் ஏற்க வேண்டாம். சிரமதானம் நல்லதுதான், ஆனால் அதை நம்பிக் கம்பித் தட்டியை விட முடியாது. மழை ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பெய்வதில்லை.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்குவது?

மண் வேலை ஆனி தொடக்கம் ஆவணி வரை. தண்ணீர் குறைந்து நிலம் இறுகியிருக்கும், பெக்கோ புதையாது. புரட்டாதிக்குள் கரையைச் சரித்து இறுக்கிப் புல் பதிக்க வேண்டும். முதல் மழை விழுந்ததும் ஐப்பசியில் மரக்கன்று. அப்போது நட்டால் மாரி முழுக்க வேர் ஓடி, அடுத்த கச்சானைத் தாங்கும். இதற்கு விலைமனு சித்திரைக்கு முன் கோரப்பட வேண்டும், அதற்கு வரைபடம் தை மாதத்துக்குள் தயாராக வேண்டும். எங்காவது இழுபட்டு ஆவணி கடந்துவிட்டால் அந்த ஆண்டு பெக்கோவை உள்ளே விடாதீர்கள். புதிதாகக் கிளறிய மண் முதல் பெருமழையோடு குளத்துக்குள்தான் இறங்கும். வடிகான் வாயைத் துப்புரவாக்கி, ஆற்றுவாழையை வாரி, மேட்டில் கன்றுகளை நட்டுவிட்டு, ஒப்பந்தக்காரரை அடுத்த ஆனிக்கு வரச் சொல்லுங்கள். "காசு திரும்பிப் போய்விடும், மார்கழிக்குள் முடிக்க வேண்டும்" என்பார்கள். காசு திரும்பிப் போகட்டும்.